பால் மறந்த குழந்தையின் விசுவாசம்





"குழந்தையைப் போல விசுவாசியுங்கள், கேட்டது கிடைக்கும்" என்று நம்முடைய சபைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. நானும் சொல்லியிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், நோயுற்றிருந்த தம் மகனுக்காக ஜெபிக்கும்படி வந்த ஒரு தாயாரிடம் இதையே சொன்னேன். மகன் பிழைக்கவில்லை. அடக்க ஆராதனை முடிந்தபின் அவர்கள், "ஐயா, என் விசுவாசம் குழந்தையின் விசுவாசமாய் இருக்கவில்லையோ?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை அவர்கள் உள்ளத்தில் விதைத்தவன் நானே என்று உணர்ந்து தலைகுனிந்தேன்.

ஆண்டவர் சிறு பிள்ளைகளைத் தம்மிடம் வரவிடச் சொன்ன சம்பவத்தை லூக்கா 18-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அங்கே லூக்கா முதலில் பயன்படுத்தும் கிரேக்கச் சொல் கைக்குழந்தைகளைக் குறிப்பதாகும். அவர்கள் தாங்களாக நடந்து வரவில்லை, சுமந்து கொண்டுவரப்பட்டார்கள். தேவனுக்குக் கொடுக்க அவர்கள் கையில் ஒன்றுமில்லை. ஆனால் நாமோ குழந்தை விசுவாசத்தையே ஒரு விலையாக்கிவிட்டோம். அதைச் செலுத்தினால் பதிலை வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணுகிறோம். இது சுவிசேஷம் அல்ல.

131-ஆம் சங்கீதத்தில் தாவீது தன் ஆத்துமாவைப் பால் மறந்த குழந்தைக்கு ஒப்பிடுகிறான். பாலை மறக்கச் செய்ய நம் தாய்மார் வேப்பிலையை அரைத்துப் பூசியதை நீங்கள் அறிவீர்கள். குழந்தைக்கு அது கசக்கிறது, காரணம் விளங்குவதில்லை, வீறிட்டு அழுகிறது. எனினும் சில நாட்களில் அதே மடிக்கு வந்து அமைதியாய்ப் படுத்துக்கொள்கிறது. இப்பொழுது அது பாலுக்காக வரவில்லை, தாய்க்காகவே வருகிறது.

திருநெல்வேலிச் சீமையில், டோனாவூரில் ஊழியம் செய்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரை நினைத்துப் பாருங்கள். 1867-இல் அயர்லாந்தில் பிறந்த அவர், சிறுமியாய் இருந்தபோது நீல நிறக் கண்களுக்காக ஜெபித்தார். காலையில் எழுந்து கண்ணாடியைப் பார்த்தபோது கண்கள் பழுப்பாகவே இருந்தன. பிற்காலத்தில், கோவில்களுக்கு ஒப்புக்கொடுக்கப்படும் ஆபத்திலிருந்த சிறுமிகளை மீட்க அவர் சேலை உடுத்தி நம் பெண்களைப் போலச் சென்றபோது, அந்தப் பழுப்புக் கண்கள் அவருக்கு உதவின.

இதை நாம் விரும்பிச் சொல்கிறோம், ஏனெனில் காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் 1931-இல் அவர் ஒரு குழியில் தவறி விழுந்து காயமுற்றார். அநேகர் ஜெபித்தும் பூரண சுகம் கிடைக்கவில்லை. 1951-இல் மரிக்கும் வரை ஏறக்குறைய 20 ஆண்டுகள் பெரும்பாலும் தம் அறையிலேயே கழித்தார். அங்கிருந்தே அநேக புத்தகங்களை எழுதினார். இந்த மறுப்புக்குக் கண்களைப் போல ஒரு விளக்கம் கிடைக்கவில்லை. ஆயினும் அவர் பிதாவின் மடியை விட்டு நீங்கவில்லை.

அப்படியானால் நாம் எதையும் கேட்கவேண்டாமா? கேளுங்கள், கண்ணீரோடும் கேளுங்கள். கெத்செமனேயில் நம் ஆண்டவரும் "அப்பா" என்று அழைத்து, பாத்திரம் தம்மை விட்டு நீங்கும்படி கேட்டார். அது நீங்கவில்லை. குமாரனுடைய விசுவாசத்தில் குறைவு இருந்தது என்று சொல்ல யார் துணிவார்கள்?

ஆகையால் பிரியமானவர்களே, துக்க வீட்டில் அமர்ந்து ஒருவருடைய விசுவாசத்தை அளக்காதிருப்போமாக. கேட்டது கிடைக்காமல் கலங்குகிறவர்களே, உங்கள் விசுவாசம் தோற்றுப்போகவில்லை. அந்தத் தாயார் மகனை அடக்கம் செய்த அடுத்த ஞாயிறும் ஆலயத்திற்கு வந்து, தம் வழக்கமான இடத்தில் அமர்ந்தார்கள். பாட முடியவில்லை, ஆனாலும் வந்தார்கள். இறையியல் கல்லூரியில் படித்தும் நான் அறியாததை அன்று அவர்களிடம் கற்றேன்.

ஜெபம்: பரம பிதாவே, நீர் தருவதற்காக மாத்திரமல்ல, உமக்காகவே உம்மிடம் வர எங்களுக்குக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.