தொப்பி மாற்றும் வயது

புனேயை அடுத்த கடக்வாஸ்லா ஏரிக்கரையில் இருக்கிறது தேசியப் பாதுகாப்பு அகாடமி. 1995ல் அங்கே சேர்ந்த பையன்களில் இருவர் சந்தீப் உன்னிகிருஷ்ணனும் மோஹித் சர்மாவும். முன்னவர் பெங்களூரில் வளர்ந்த மலையாளி. பின்னவர் காஸியாபாத்காரர். ஷேகாவ்ன் கல்லூரியில் பொறியியல் படிப்பில் சேர்ந்து, அதைப் பாதியில் உதறிவிட்டு வந்தவர். 1999ல் இருவரும் லெப்டினன்ட் ஆனார்கள். சந்தீப்புக்கு பிகார் ரெஜிமென்டின் 7வது பட்டாலியன். வடக்கத்தியரான மோஹித்துக்கு மெட்ராஸ் ரெஜிமென்டின் 5வது.

காலாட்படையில் ரெஜிமென்ட் என்பது வெறும் பணியிடம் அல்ல, புகுந்த வீடு மாதிரி. தென் மாநிலத்து ஜவான்களின் பேச்சும் சாப்பாடும் கோபமும் பழகிய பிறகே ஓர் இளம் அதிகாரி அங்கே 'நம்ம சாப்' ஆகிறார். அதற்கே இரண்டு மூன்று வருடம் பிடிக்கும். சிறப்புப் படைக்குப் போகலாமா என்ற யோசனையும் சரியாக அந்த நேரத்தில்தான் வந்து நிற்கும்.

சிறப்புப் படைக்கு யாரையும் உத்தரவு போட்டு அனுப்புவதில்லை. அவரவராக விருப்பம் தெரிவிக்க வேண்டும். பாராசூட் ரெஜிமென்டின் சிறப்புப் படை என்றால் நெடுநாள் வழக்கப்படி மூன்று மாதத் தகுதிகாண் காலம் உண்டு: தூக்கமின்மை, முதுகில் சுமையோடு மைல் கணக்கில் ஓட்டம், போதாததற்கு வசவு. பெரும்பாலோர் தேறுவதில்லை. தேறாதவர் பழைய பட்டாலியனுக்கே திரும்பலாம். சட்டப்படி அதில் இழுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் வழியனுப்பி வைத்த ஜவான்களின் முன்னால் மறுநாள் காலை அணிவகுப்பில் போய் நிற்க வேண்டுமே!

காசுக்காகவா போகிறார்கள்? 7வது ஊதியக் குழுவுக்குப் பிறகு, 2017ல், அதிகாரிகளுக்கான சிறப்புப் படைப் படி மாதம் 25,000 ரூபாய் என்று நிர்ணயமானது. முழங்கால் சிப்பிக்கும் முதுகெலும்புக்கும் அது விலையாகாது என்பது போகிறவர்களுக்கே தெரியும். கடக்வாஸ்லா இருக்கும் அதே புனேயில்தான் ராணுவத்தின் செயற்கை அவயவ மையமும், கட்கியில் தண்டுவடம் முறிந்த வீரர்களுக்கான மறுவாழ்வு மையமும் இருக்கின்றன. சக்கர நாற்காலியில் இருப்பவர்களில் குண்டடி பட்டவர்கள் மட்டுமல்ல, விபத்தில் அடிபட்டவர்களும் உண்டு. பயிற்சிக் களத்தில் மாட்டிவைத்திருக்கும் வீர வாசகங்கள் இதைச் சொல்வதில்லை.

மோஹித் போனார். 2003ல் அவர் 1 பாரா சிறப்புப் படையின் கமாண்டோ. காலாட்படையின் பச்சைத் தொப்பி போய் அரக்குச் சிவப்புத் தொப்பி வந்தது. புகுந்த வீட்டை விட்டு இன்னொரு வீட்டுக்கு, நிரந்தரமாக. சந்தீப் தேர்ந்தெடுத்தது வேறு பாதை. 2007 ஜனவரியில் தேசியப் பாதுகாப்புப் படையில் அயல்பணியாகச் சேர்ந்தார். அங்கே ராணுவத்தினர் சில ஆண்டுகள் இருந்துவிட்டுத் தாய் ரெஜிமென்டுக்குத் திரும்புவார்கள். தாவவும் வேண்டும், கயிற்றையும் விடக்கூடாது என்பவர்களுக்கு இது உத்தமம். இரண்டும் வேண்டாம் என்பவருக்கும் வழி உண்டு. காலாட்படை பட்டாலியன் ஒவ்வொன்றிலும் 'காத்தக்' என்ற அதிரடிப் பிளாட்டூன் இருக்கிறது. பெல்காம் கமாண்டோ பள்ளியில் பயிற்சி முடித்துவிட்டு, சொந்த ஜவான்களோடேயே அதை நடத்தலாம். இதை இரண்டாம்பட்சமாக நினைப்பது இளரத்தத்தின் அறியாமை.

2008 நவம்பர் 28 அன்று மும்பை தாஜ் ஹோட்டலில் சந்தீப் இறந்தார். நான்கு மாதம்கூட ஆகவில்லை. 2009 மார்ச் 21 அன்று குப்வாரா காட்டில், காயம்பட்ட சகாக்களை மீட்டுவிட்டு மோஹித் இறந்தார். அடுத்தடுத்த குடியரசு தினங்களில் இருவருக்கும் அசோக சக்கரம். தங்கி உழைத்தவர்களுக்கு இப்படிப் பெயர் வருவதில்லை என்பதால், சிறப்புப் படைதான் ராணுவம் என்று பள்ளிக்கூடப் பையன்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

இதில் யாரும் கவனிக்காத ஒருவர் உண்டு: பட்டாலியனின் கமாண்டிங் ஆபீஸர். மனு அவர் மேஜைக்குத்தான் வரும். கெட்டிக்காரரை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வராது. சுமாரானவர் என்றால் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடலாம். ஆனால் மூன்று மாதத்தில் ஆள் திரும்பி வந்துவிடுவார்.