நட்பு அவர்களுக்கு, பூட்டு நமக்கு!

2008 திசம்பரில், இலங்கைப் படைத்தலைவராக இருந்த சரத்து பொன்சேகா, கொழும்பின் 'சண்டே அப்சர்வர்' கிழமைத்தாளுக்கு நேர்காணல் தந்தார். ஈழத் தமிழர்க்காகக் குரல்கொடுத்த தமிழ்நாட்டுத் தலைவர்களை 'அரசியல் கோமாளிகள்' என்றார். பழ. நெடுமாறனும் வைகோவும் புலிகளிடம் பெறும் பணத்தால் பிழைப்பவர் என்று பழி தூற்றினார். சான்று காட்டினாரா? இல்லை.

அத் தாளிகை தனியார் ஏடன்று. 1973-இல் தனிச் சட்டம் இயற்றிச் சிங்கள அரசு தன் கைப்படுத்திக்கொண்ட 'லேக் அவுசு' நிறுவனத்தின் ஏடு. ஆகவே அஃது இதழுரிமையின் குரலன்று, அரசின் வாய். தமிழகம் கொதித்தெழுந்தது. கொழும்பு வருத்தம் தெரிவித்தது. படைத்தலைவர் தம் இருக்கையிலேயே இருந்தார். தில்லியின் நட்புறவும் கீறலின்றி இருந்தது!

அதே திசம்பரில் ஈரோட்டுக் கூட்டமொன்றில் ஈழம்பற்றிப் பேசியமைக்காகக் கொளத்தூர் மணி, பெ. மணியரசன், இயக்குநர் சீமான் ஆகிய மூவரும் சிறைப்படுத்தப்பட்டனர். சிறையிட்டது தமிழ்நாட்டரசே என்பது வேறு வெட்கம். பழி தூற்றியவனுக்கு வருத்தக் கடிதம்; உண்மை பேசியவனுக்குக் கம்பிக்கூண்டு. இதுவோ நடுநிலை?

சங்கரன்கோவிலை அடுத்த மேலநீலிதநல்லூரில் பசும்பொன் முத்துராமலிங்கனார் பெயரால் கல்லூரியொன்று உள்ளது. வெள்ளையன் அவர்க்குப் பேச்சுத்தடை விதித்த கதையை அங்குப் பயிலும் பிள்ளைகள் அறிவர். வெள்ளையன் போனபின் பூட்டப்பெற்ற பூட்டை அவர்க்குச் சொல்வார் யார்? சென்னை மாநில அரசு, பம்பாயிலிருந்து வந்த 'கிராசு உரோட்சு' இதழைத் தன் எல்லைக்குள் நுழையவொட்டாமல் தடுத்தது. உரோமேசு தாப்பர் வழக்கில், 1950-இல், உச்ச முறைமன்றம் அத் தடையை உடைத்தெறிந்தது. அடுத்த ஆண்டே அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தும் 19(2)-ஆம் உறுப்பில் 'அயல்நாடுகளுடன் நட்புறவு' என்னும் சொற்கள் நுழைக்கப்பட்டன. ஒரு தடையை முறைமன்றம் நீக்கியது. பல தடைகளுக்கு ஆளுமன்றம் வழி செய்தது.

அச் சொற்கள் உறங்கிவிடவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69அ பிரிவிலும் அவை உள. 2025 பிப்பிரவரியில் அமெரிக்கா இந்தியரை விலங்கிட்டுத் திருப்பியனுப்பியது. தலைமையமைச்சர் மோதி அமெரிக்கத் தலைவர் திரம்பின் அருகில் விலங்கோடு அமர்ந்திருப்பதாக விகடன் இணைய இதழ் கருத்துப்படம் வெளியிட்டது. மெய்யாகவே விலங்கு பூட்டியவனோடு நட்பு முறியவில்லை. விலங்கை வரைந்த தமிழ் ஏட்டின் தளமோ முடக்கப்பட்டது! மார்ச்சு 6-இல் முடக்கத்தை நீக்கச் சொன்ன சென்னை உயர் முறைமன்றமும், அப் படத்தை அகற்றிவைக்குமாறு பணித்தே சொன்னது.

இனி, கொழும்பு தன் மண்ணில் தமிழ் ஏடுகளை நடத்திய முறையைக் காண்க. 1981 சூன் முதல் நாளில் யாழ்ப்பாணத்து 'ஈழநாடு' எரிக்கப்பட்டது. 1983-இல் 'சுதந்திரன்', 'சாட்டர்டே ரிவியூ' ஆகியவற்றுக்குப் பூட்டு. 2000-இல் நிமலராசன், 2005-இல் சிவராம் கொல்லப்பட்டனர். 2006 மே 2-இல் 'உதயன்' பணிமனைக்குள் புகுந்த கொலைஞர் ஊழியர் இருவரைச் சுட்டு வீழ்த்தினர். அவ் வேளையில் கொழும்பிலோ உலக இதழுரிமை நாள் மாநாடு! தில்லியின் நட்புறவு இவற்றுக்காக என்றேனும் நடுங்கியதுண்டா?

அதனால் சிங்கள ஏடுகளைத் தடுக்கவேண்டுமென்று சொல்வதற்கில்லை. 2012 செப்டம்பரில் 'இலக்பிம' ஏடு செயலலிதாவை இழிவாகப் படம் வரைந்தது. வரைந்தவனின் இழிவு அது. எழுத்தாலும் படத்தாலும் விடை தந்திருக்கலாம். அதே திங்களில் இலங்கையிலிருந்து வேளாங்கண்ணிக்கும் பூண்டிக்கும் வந்த வழிபாட்டினரின் பேருந்துகளைத் தாக்கியது தமிழ் மறமன்று. தாளிகையோடு பொருதத் தாளிகை போதும்.

அந்தத் தாளிகை நம் கையில் இருக்கவேண்டுமே! 19(2)-இலிருந்தும் 69அ-இலிருந்தும் 'நட்புறவு' என்னும் சொல்லை நீக்குக என்று தமிழகத்து ஆளுமன்ற உறுப்பினர் கேட்கவேண்டும். அச் சொல்லால் இதுகாறும் எத்தனைத் தமிழ் ஏடுகளும் தளங்களும் முடக்கப்பட்டன என்னும் கணக்கையும் அவையில் வைக்கச் சொல்லவேண்டும்.