பயிற்சியாளருக்கா அநியாயம்?

மேரிலாந்து பல்கலைக்கழக அமைப்பின் ஆட்சிக் குழு செவ்வாய்க்கிழமை எடுத்த முடிவு இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. அமெரிக்க ஃபுட்பால் பயிற்சியாளர் டி.ஜே. டர்கின் பதவியில் தொடரலாம் என்று 2018 அக்டோபர் 30 அன்று அறிவித்தார்கள். மறுநாளே பல்கலைக்கழகத் தலைவர் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அனுப்பியது சரி. ஆனால் விளையாட்டுத் துறையின் சீர்கேட்டுக்கு டர்கின்மீது அநியாயமாகப் பழி விழுந்துவிட்டது என்று ஊரறியச் சொன்னார்களே, மகனைப் பறிகொடுத்த தாயும் தந்தையும் கேட்கும்படி சொன்னார்களே, அதை யார் திரும்பப் பெறுவது?

அந்த ஆண்டு மே 29 அன்று பயிற்சியில் நடந்ததை வாசகர்கள் அறிவார்கள். ஆட்சிக் குழு மறந்துவிட்டதால் மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. 110 கஜ ஓட்டம், பத்து தடவை. அணியின் வீரர் ஜோர்டன் மெக்நேருக்கு வயது 19, எடை ஏறக்குறைய 150 கிலோ. நிற்கவே தள்ளாடியவரை உடன் ஓடியவர்கள் இரு பக்கமும் தாங்கிப் பிடித்து ஓட்டத்தை முடிக்க வைத்தார்கள். அறிகுறி தெரிந்த பிறகு அவரை மைதானத்திலிருந்து வெளியே கொண்டுபோக 34 நிமிடம் ஆனது. ஆம்புலன்ஸ் புறப்படும்போது 1 மணி 39 நிமிடம் கடந்திருந்தது. உடம்பு எவ்வளவு சுடுகிறது என்று ஒருவரும் அளந்து பார்க்கவில்லை. ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்கவில்லை. பெரிய உடம்பு, மூழ்கிவிடுவாரோ என்று பயந்ததாகப் பிறகு காரணம் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது 106 டிகிரி. ஜூன் 13 அன்று உயிர் போனது. ஹீட் ஸ்ட்ரோக்கில் சரிந்தவரை அரை மணி நேரத்துக்குள் குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார் என்பது விளையாட்டு மருத்துவத்தின் அரிச்சுவடி.

இது வைத்தியப் பிசகு, இதற்கும் பயிற்சியாளருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறார்கள். ஆட்சிக் குழுவின் மொத்த வாதமும் இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது. நாம் திருப்பிக் கேட்கிறோம்: கால் பின்னிக்கொள்ளும் நிலையிலும் அந்த இளைஞர் ஏன் ஓடினார்? ‘என்னால் முடியவில்லை’ என்று சொல்லி உட்கார்ந்துவிட ஏன் அவரால் இயலவில்லை? இந்த அணியில் எடை கூடிய ஒரு மாணவரைக் கையில் சாக்லேட் பாரைக் கொடுத்து, மற்றவர்கள் பயிற்சி செய்வதைப் பார்த்தபடி தின்ன வைத்ததாகச் செய்தி வந்தது. கோபம் வந்தால் சின்ன எடைக்கட்டைகள் ஆட்கள் நிற்கும் பக்கம் பறக்குமாம். பயிற்சியின்போது மயங்கி விழுந்தவர் ஏளனம் செய்யப்பட்டாராம். இப்படிப்பட்ட இடத்தில் எந்தப் பையன் வாயைத் திறப்பான்? 165 பேரை விசாரித்து ஏறக்குறைய 200 பக்கம் எழுதிய விசாரணைக் குழு, இதை நச்சுக் கலாசாரம் என்று சொல்ல மறுத்துவிட்டு, பேசப் பயந்ததால் பிரச்சினைகள் புரையோடிப்போயின என்று மட்டும் முடித்துக்கொண்டது. பேசப் பயந்து ஒரு மைதானமே ஊமையாகிப் போனதைவிடப் பெரிய நச்சு எது? வசைபாடிய உடல்வலுப் பயிற்சியாளர் யாருக்கும் கட்டுப்படாமல் இருந்தார் என்று அதே அறிக்கை சொல்கிறது. அவரை வேலைக்குக் கொண்டுவந்தவர் டர்கின். அவர் குரல் டர்கினின் காதில் விழாமல் இருந்திருக்க முடியாது.

பயிற்சியாளர் கண்டிப்பானவராக இருக்கட்டும். கத்தட்டும், தோற்றால் அழட்டும், ஜெயித்தால் கட்டிப்பிடித்துக் கொண்டாடட்டும். மோதி விளையாடும் ஆட்டத்தைப் பூப்போலச் சொல்லிக்கொடுக்க முடியாது. ஆனால் அடியாத மாடு படியாது என்ற நினைப்பு பயிற்சியாகாது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியை 1954-ல் ஜங்ஷன் என்ற ஊருக்குக் கூட்டிப்போய், கொளுத்தும் வெயிலில் தண்ணீர் தராமல் வாட்டினார் பயிற்சியாளர் பேர் பிரையண்ட். ஒரு வீரர் சாவின் விளிம்புவரை போய் வந்தார். அணி அந்த ஆண்டு ஓர் ஆட்டம் ஜெயித்து ஒன்பதில் தோற்றது. 1956-ல் அது வாகை சூடியதை மட்டும் இன்றும் கதையாகச் சொல்கிறார்கள். நெப்ராஸ்காவின் பயிற்சியாளர் டாம் ஆஸ்போர்ன் கெட்ட வார்த்தை பேசாமல் 255 ஆட்டங்களை ஜெயித்து மூன்று முறை தேசியப் பட்டம் வாங்கினாரே, அதை ஏன் யாரும் சொல்வதில்லை? டர்கினின் கணக்கு 10 வெற்றி, 15 தோல்வி. இத்தனை மிரட்டலுக்கும் கிடைத்தது இவ்வளவுதான்.

இந்த ஆட்சிக் குழுவிடமிருந்தும் பல்கலைக்கழகத்திடமிருந்தும் நாம் புதிதாக எதையும் எதிர்பார்த்திருக்கக் கூடாது. 2012-ல் ஏழு விளையாட்டு அணிகளைக் காசில்லை என்று பல்கலைக்கழகம் கலைத்தது. அதே ஆண்டு, பணம் கொழிக்கும் பிக் டென் லீகுக்குத் தாவும் முடிவை ஆட்சிக் குழுவினர் மூடிய அறைக்குள் பேசி முடித்தார்கள். திறந்த கூட்டச் சட்டத்தை மீறினார்கள் என்று அதற்குரிய மாநில அமைப்பே குட்டியது. பழைய லீகை விட்டு வந்ததற்கு 3 கோடி டாலருக்கு மேல் போனது. வீரர்களின் மருத்துவக் கவனிப்பை விளையாட்டுத் துறையின் பிடியிலிருந்து எடுத்து வேறு கைகளில் ஒப்படைக்கும் யோசனை 2017-ல் மேலிடத்துக்கு வந்தபோது, பல்கலைக்கழகத் தலைவர் அதைத் தட்டிக்கழித்தார். அடுத்த ஆண்டே ஒரு பிள்ளை செத்துப்போனான். ஆகஸ்டில் சட்டப்படியும் தார்மீகப்படியும் பொறுப்பேற்கிறோம் என்று தலைவர் பெற்றோரிடம் சொன்னது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அந்த நமஸ்காரத்தையும் அக்டோபரில் ஆட்சிக் குழுவினர் கெடுத்தார்கள். டர்கினை வைத்துக்கொள்ளாவிட்டால் தலைவரின் நாற்காலியே போகும் என்று நெருக்கியதாகச் செய்திகள் சொல்கின்றன. பயிற்சியாளருக்காக இவ்வளவு தூரம் மல்லுக்கட்டியவர்கள், இறந்தவனுக்காக ஒரு தரமாவது குரலை உயர்த்தினார்களா?

டர்கின் அணியுடன் பேசிய கூட்டத்திலிருந்து மூன்று வீரர்கள் எழுந்து வெளியே போனார்கள். அவர்களுக்கு ஆடும் இடம் போகலாம், உதவித்தொகை போகலாம். அதெல்லாம் தெரிந்தேதான் போனார்கள். ஆட்சிக் குழுவில் இருந்தவர்களுக்கு இழக்க என்ன இருந்தது?

பதவி போனபோது ஒப்பந்தப்படி டர்கினுக்கு ஏறக்குறைய 55 லட்சம் டாலர் போய்ச் சேர வேண்டியிருந்தது. அது வழக்கறிஞர்கள் பாடு. நாம் கேட்பது வேறு. இந்த அமைப்பை அடியிலிருந்து மாற்ற வேண்டும். மைதானத்தில் நிற்கும் மருத்துவ உதவியாளரின் சொல்லுக்குப் பயிற்சியாளர் கட்டுப்பட வேண்டும், வீரர்கள் பயமில்லாமல் பேச வழி வேண்டும், முடிவெடுப்பவர்கள் எடுத்த முடிவுக்குப் பதில் சொல்ல வேண்டும். எப்படிச் செய்வது என்பதை மாநில அரசும் சட்டமன்றமும் உட்கார்ந்து யோசிக்கட்டும். ஆனால் செவ்வாய்க்கிழமை அந்த அறையில் டர்கினுக்காகக் கை தூக்கியவர்கள் அந்த யோசனைக்குத் தலைமை தாங்கக் கூடாது. முதலில் அவர்கள் மெக்நேரின் வீட்டுக்குப் போய், அநியாயம் யாருக்கு நடந்தது என்று அந்தத் தாயிடமும் தந்தையிடமும் நேரில் சொல்லிவிட்டு வரட்டும்.