இடையில் நிற்பது யார்?

நகரம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. குப்பை மேடுகள் எரிகின்றன. ஏரியும் கிணறும் கெடுகின்றன. இதற்கு முடிவு கட்டியே தீர வேண்டும். ஆனால் வீட்டு வாசலுக்கும் நகரசபைக்கும் இடையில் நின்று அந்த வேலையைச் செய்வது யார்? காண்டிராக்டரா, தொழிலாளர் ஸ்தாபனமா? நாம் கேட்பது இதுதான்.

மராட்டிய மாநிலத்துப் புனே நகரைப் பாருங்கள். அங்கே குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். சாக்கைத் தோளில் சுமந்து தொட்டி தொட்டியாகக் கிளறினார்கள். பழைய சாமான் வியாபாரி சொன்னதே விலை. போலீஸ் கண்ணுக்கு அவர்கள் திருடர்கள். 1993-ல் அவர்கள் சங்கமாகத் திரண்டார்கள். சுமைதூக்கும் தொழிலாளரின் தலைவர் பாபா ஆதவ் துணை நின்றார். நகரசபை அங்கீகரித்த அடையாளச் சீட்டை வாங்கினார்கள். பின்னர் தொழிலாளரே சொந்தக்காரராக உள்ள ‘ஸ்வச்’ கூட்டுறவு அமைந்தது. 2008-ல் மாநகராட்சி அதனுடன் ஒப்பந்தம் செய்தது.

பலன் என்ன? வீட்டு வாசலிலேயே ஈரக் குப்பை வேறு, உலர்ந்த குப்பை வேறு என்று பிரிந்தது. வீட்டார் தந்த மாதக் கட்டணமும், காகிதமும் தகரமும் விற்ற காசும் உழைத்தவர் கைக்கே வந்தன. பிரித்த சரக்கு மீண்டும் ஆலைக்குப் போயிற்று. அந்த அளவுக்குக் குப்பை மேட்டின் பாரம் குறைந்தது. இது நகரத்தாருக்கு மட்டும் லாபமல்ல. புனே நகரின் குப்பை வந்து குவிந்த உருளி தேவாச்சி, புர்சுங்கி கிராம மக்கள் பல தடவை லாரிகளை மறித்தார்கள். நகரம் பிரிக்காமல் கொட்டியதன் விஷம் அவர்கள் தண்ணீரில் இறங்கியதே காரணம்.

டன்னுக்கு இவ்வளவு என்று பணம் வாங்கும் காண்டிராக்டருக்கோ எடை கூடினால் லாபம். அவர் பிரிப்பானேன்?

புனே ஒப்பந்தம் 2020 இறுதியில் முடிந்ததும், வேலையைத் தனியாருக்குக் கொடுக்கும் பேச்சு எழுந்தது. அந்தப் பெண்கள் போராடினார்கள், குடியிருப்போரின் ஆதரவைத் திரட்டினார்கள், ஒப்பந்தம் நீடித்தது. சென்னையில் இரண்டு மண்டலங்களின் வேலையைத் தனியாரிடம் ஒப்படைத்ததை எதிர்த்து, 2025 ஆகஸ்டில் தூய்மைத் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை முன் அமர்ந்ததும் இதே பிரச்னையில்தான்.

ஒன்றை மறக்கக் கூடாது. கூட்டுறவு இருக்கிறதென்று சொல்லி நகரசபை கைகழுவ இடம் கொடுக்கலாகாது. கையுறை, வண்டி, சிகிச்சை, குப்பை பிரிக்க இடம் ஆகியவற்றைத் தருவது நகரசபையின் கடமை. கட்டணம் தர மறுக்கும் வீடுகளால் தொழிலாளி பட்டினி கிடக்கவும் கூடாது.

ஆலைத் தோழர்களே, விவசாயத் தொழிலாளத் தோழர்களே! உங்கள் ஊரில் குப்பைக் காண்டிராக்ட் ஏலத்துக்கு வரும்போது, துப்புரவுத் தொழிலாளியுடன் நில்லுங்கள். அவர் கேட்பது உங்கள் தெருவின் சுத்தத்தையும், உங்கள் கிணற்றின் தண்ணீரையும் சேர்த்துத்தான்.