கீறலும் மாப்பிள்ளையும்

தங்கச்சி போன் செய்தாள். "அண்ணே, கல்யாண சி.டி.யை பென் டிரைவ்ல ஏத்திக் குடு. அப்பா குரலைக் கேக்கணும் போல இருக்கு."

2005-ல் ஆலங்குடியில் நடந்த கல்யாணம். மொத்தம் மூன்று வீடியோ சி.டி. (ஒன்றில் சுமார் 74 நிமிஷம்தான் அடங்கும். முதல் சி.டி. முடியும்போது மாப்பிள்ளை அழைப்பே முடிந்திருக்காது.) மூன்றாவதில்தான் அப்பா பந்தியில் சுற்றி வருகிறார். அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தால் பூனை பிறாண்டிய மாதிரி இருந்தது.

இப்போதைய லேப்டாப்பில் சி.டி. போட வழியே இல்லை. புதுக்கோட்டையில் எங்கள் ஆபீஸ் நண்பரிடம் யு.எஸ்.பி. டிரைவ் இரவல் கேட்டேன். சி.டி.யைப் பார்த்தவர் டிரைவைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"சார், கீறல் விழுந்ததைப் போட்டா லென்ஸ் போயிடும். போனா புதுசு வாங்கித் தரணும்."

போகாது சார்! லென்ஸ் சி.டி.யைத் தொடுவதே இல்லை. சுமார் ஒரு மில்லிமீட்டர் தள்ளியே நிற்கிறது. லேசர் ஒளி 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கைக் கடந்து உள்ளே போய்த்தான் குவிகிறது. அடிப்பக்கத்துக் கீறல் அதற்கு மூக்குக் கண்ணாடியில் ஒட்டிய தூசி மாதிரி. படிக்க முடியாவிட்டால் டிரைவ் வேகத்தைக் குறைத்து, கர்... புர்... என்று திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். நாம்தான் பயந்து போகிறோம்.

விட்டுப்போன எழுத்துக்களை இட்டு நிரப்ப ரீட், சாலமன் என்ற இரு அமெரிக்கர்கள் 1960-லேயே கணக்கு எழுதி வைத்துவிட்டார்கள். அந்தக் கணக்கால் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்கு அழிந்து போனாலும் சமாளிக்கலாம். கம்ப்யூட்டர் ஃபைல் உள்ள சி.டி.க்கு அதற்கு மேலும் ஓர் அடுக்குக் காவல் உண்டு. வீடியோ சி.டி.யில் படத்தைக் கூடுதலாக அடைக்க அந்தக் காவலை எடுத்துவிட்டார்கள். மணமகள் முகம் திடீரென்று சதுரம் சதுரமாக உடைவது இதனால்தான்.

பயப்பட வேண்டியது விரிசலுக்கு. நடுத் துளையருகே விரிசல் கண்டால் போடவே போடாதீர்கள். 52 எக்ஸ் டிரைவ் நிமிஷத்துக்குச் சுமார் 10,000 சுற்று சுற்றும். சி.டி.யின் விளிம்பு மணிக்கு 220 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். அந்த வேகத்தில் திருச்சிக்குக் கால் மணியில் போய்விடலாம். வழியில் சி.டி. வெடித்தால் டிரைவும் காலி. பாதி உரிந்த ஸ்டிக்கரும் ஆகாது.

எங்கள் சி.டி.யில் விரிசல் இல்லை. நண்பர் அரை மனசாகக் கொடுத்தார். பற்பசையை நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் தேய்த்துக் கழுவி, துடைத்துப் போட்டேன். ஓடியது! ஆனால் கடைசிப் பத்து நிமிஷம் மட்டும் தகராறு.

லைட்டுக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். விளிம்போரம் வரிசையாகப் பொட்டுப் பொட்டாக வெளிச்சம். சி.டி.யில் விஷயமெல்லாம் மேல்பக்கத்து மெல்லிய பூச்சுக்கு அடியில்தான் இருக்கிறது. அதன் மேல் பால்பாயிண்ட் பேனாவை அழுத்தி, 'பந்தி, பாகம் 3' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். சி.டி. உள்ளிருந்து வெளியே ஓடுகிற சமாசாரம். விளிம்பில் எழுதினால் முடிவு போச்சு. பற்பசை இதற்கு உதவாது.

எழுத்து மாப்பிள்ளையுடையது.

மிஞ்சியதைக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். அப்பா இலைகளைத் தாண்டி வந்து, கேமராக்காரரைப் பார்த்து, "தம்பி, நீங்க சாப்பிட்டாச்சா?" என்கிறார். அப்புறம் சதுரங்கள்.

தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பசங்க கீறிட்டானுங்கண்ணே."

"ஆமாம்மா" என்றேன். மாப்பிள்ளை ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.