ஆனைகட்டியைச் சுற்றி நாலு நாவல்

கடந்த ஆறு மாதமாக நான் படித்ததெல்லாம் மலை நாவல்கள்தான். திட்டம் போட்டுப் படிக்கவில்லை. ஒன்று முடிந்ததும் இன்னொன்று கையில் வந்து மாட்டியது. நாலையும் முடித்த பிறகு யோசித்துப் பார்த்தால், முதல் மூன்றும் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆனைகட்டியிலிருந்து ஒரு நாளில் போய்வரக்கூடிய இடங்களில் நடப்பவை. நான்காவது கொஞ்சம் தெற்கே, இடுக்கிப் பக்கம். (நான் சொல்வது கோவை ஆனைகட்டி. மசினகுடி அருகே நீலகிரியில் இன்னொரு ஆனைகட்டி உண்டு, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்!)

தெரியாதவர்களுக்கு: கோவையிலிருந்து தடாகம், மாங்கரை வழியாக மலையேறினால் சுமார் 30 கிலோமீட்டரில் ஆனைகட்டி. பறவை ஆராய்ச்சி செய்யும் சாலிம் அலி மையம் அங்கேதான் இருக்கிறது. ஊரைத் தாண்டினால் கேரளா, பாலக்காடு மாவட்டம், அட்டப்பாடி. கடை போர்டுகள் மலையாளத்துக்கு மாறிவிடும். ஆனால் எல்லைக்கு ரெண்டு பக்கமும் இருளர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு யாரும் கோடு போடவில்லை.

சரி, நாவல்களுக்கு வருகிறேன்.

முதலில் 'எரியும் பனிக்காடு'. பி.எச்.டேனியல் என்ற டாக்டர் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்தவர். அவர் ஆங்கிலத்தில் எழுதி 1969-ல் வந்த 'ரெட் டீ'யைக் கோவைக்காரரான இரா.முருகவேள் 2007-ல் தமிழாக்கினார். பாலாவின் 'பரதேசி' (2013) இதை வைத்து எடுத்த படம்தான். படம் பார்த்தாயிற்றே என்று நாவலை விட்டுவிடாதீர்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் பேச்சை நம்பி முன்பணம் வாங்கிக்கொண்டு மலையேறுகிறார்கள். வருடக் கடைசியில் கணக்குப் பார்த்தால் கடன் அப்படியே நிற்கிறது. மலேரியாவில் ஆட்கள் செத்து விழுகிறார்கள். அந்தக் கணக்கு முடிக்கும் பகுதியைப் படித்தபோது, ஏஜெண்டிடம் பணம் கட்டி வளைகுடாவுக்கு வந்து பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்த நம்மவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். எண்பது தொண்ணூறு வருடத்தில் ஆள் பிடிக்கும் முறை பெரிதாக மாறிவிடவில்லை.

இரண்டாவது, ச.பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' (2004). சத்தியமங்கலம் மலையில் சோளகர்களின் கதை. முதல் பாதியில் காடு, தேன், திருவிழா, கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டுப் போகும் நிலம். இரண்டாம் பாதியில் வீரப்பனைத் தேடி வந்த அதிரடிப்படையின் முகாம்கள். நான் ரெண்டு நாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத்தான் மறுபடி எடுத்தேன். 'பின்பாதி நாவல் மாதிரி இல்லை, வாக்குமூலம் மாதிரி இருக்கிறது' என்று நண்பர் ஒருவர் குறைபட்டார். இருக்கட்டுமே! மனித உரிமை ஆணையம் 1999-ல் சதாசிவா குழுவை அமைத்து விசாரிக்கும் அளவுக்கு நடந்த விஷயம். வக்கீலான பாலமுருகன் அந்த ஜனங்களோடு பழகி, அவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதியது. அங்கே அழகாக எழுத முயன்றிருந்தால்தான் எனக்கு உறுத்தியிருக்கும்.

மூன்றாவது, அதே முருகவேள் சொந்தமாக எழுதிய 'முகிலினி'. பவானி ஆற்றின் கதை. பவானி நீலகிரியில் பிறந்து, மேற்கே கேரளாவுக்குள் போய், அட்டப்பாடியைச் சுற்றிக்கொண்டு மறுபடி கிழக்கே தமிழ்நாட்டுக்குத் திரும்பும் விசித்திரமான ஆறு. அதன் கரையில் சிறுமுகையில் எழுந்த விஸ்கோஸ் ஆலையின் எழுச்சியும் வீழ்ச்சியும்தான் நாவலின் முதுகெலும்பு. ஆற்றைக் கெடுத்ததும் அதே ஆலை, எத்தனையோ குடும்பங்களுக்கு மாதச் சம்பளம் போட்டதும் அதே ஆலை. நாவல் இதில் எதையும் மறைக்கவில்லை. தகவல் கொஞ்சம் தூக்கல், சில இடங்களில் பாத்திரங்கள் பேசுவதற்குப் பதில் ஆசிரியரே பேசிவிடுகிறார். ஆனாலும் கோவைக்காரர்கள் தவறவிடக் கூடாது.

நான்காவது, மலையாளத்தில் நாராயண் எழுதிய 'கொச்சரேத்தி' (1998). கேரள ஆதிவாசி ஒருவர் எழுதிய முதல் நாவல் என்பார்கள். நான் படித்தது கேத்தரின் தங்கம்மாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு (2011). நாராயண் தபால் துறையில் வேலை பார்த்தவர், மலை அரையர் சமூகம், 2022-ல் காலமானார். வெளியாட்கள் எழுதிய மலைக்கதைகளில் ஆதிவாசி ஒன்று அப்பாவி, இல்லை முரடன். இவர் கதையில் கணக்குப் போடத் தெரிந்தவன், ஏமாறுகிறவன், படித்து ஊரைவிட்டுப் போகிற மகள் என்று சாதாரண மனிதர்கள் வருகிறார்கள்.

இங்கேதான் எனக்கு ஒரு சங்கடம் தொடங்கியது. வெளிநாட்டில் உட்கார்ந்து நாம் இந்த மாதிரி நாவல்களை எடுப்பது எதற்கு? பாதி ஊர் ஞாபகத்துக்கு. மலை, மழை, யானை. கதையில் நாம் யார் பக்கம் என்று கேட்டால் தயங்காமல் பாதிக்கப்பட்டவர் பக்கம் போய் நின்றுகொள்வோம். விசா, நிறம், உச்சரிப்பு என்று நமக்கும் குறை இருக்கிறதல்லவா!

அட்டப்பாடியின் கணக்கு வேறு மாதிரி. 1951-ல் அங்கே 100 பேரில் சுமார் 90 பேர் இருளர், முதுகர், குறும்பர். இன்று பாதிக்கும் குறைவு. அவர்கள் எங்கும் போய்விடவில்லை, மற்றவர்கள் வந்து நிறைந்தார்கள். தெற்கே திருவாங்கூரிலிருந்து ஒரு கூட்டம், கிழக்கே எங்கள் கொங்குப் பக்கமிருந்து ஒரு கூட்டம். ஆதிவாசிக்கு எதுகையாக வந்தவர்களை 'வந்தவாசி' என்று அங்கே சொல்வதுண்டு. கைமாறிய நிலத்தைத் திருப்பித் தரக் கேரளா 1975-ல் சட்டம் போட்டது. விதிகள் வரவே 1986 ஆயிற்று. 1999-ல் அதையும் மாற்றி வேறு சட்டம் வந்தது. 2013-ல் அங்கே சத்துக்குறைவால் பச்சைக் குழந்தைகள் இறந்தன. 2018 பிப்ரவரியில் மது என்ற ஆதிவாசி இளைஞரை அரிசி திருடியதாகச் சொல்லி அடித்தே கொன்றார்கள். 2023-ல் தீர்ப்பு வந்தது.

'மலையேறியவர்களும் பஞ்சம் பிழைக்கப் போனவர்கள்தானே?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். கருப்பனும் அப்படித்தான் போனான். ஆனால் அவன் கொத்திய தேயிலைக் காட்டில் அதற்கு முன்பே காடர்களும் மலசர்களும் இருந்தார்கள், 'எரியும் பனிக்காடு' அவர்கள் பக்கம் திரும்பவில்லை. ஒரே நாவல் எல்லாவற்றையும் சொல்லாது. அதனால்தான் நாலையும் சேர்த்துப் படிக்கச் சொல்கிறேன். ஏமாந்து போனவனே இன்னொருவன் இடத்தில் போய் உட்கார்ந்திருக்க முடியும், ரெண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும். இங்கே நம் பிள்ளைகள் பள்ளியில் இந்த நாட்டின் பூர்வகுடிகளைப் பற்றிப் படிக்கிறார்கள். 'நம்ம ஊரில் யார்?' என்று கேட்டால் நம்மில் எத்தனை பேரிடம் பதில் இருக்கிறது?

இன்னும் ஒரு குறை பாக்கி. ஆனைகட்டி இருளர் ஒருவர் எழுதிய நாவல் எதுவும் இதுவரை என் கண்ணில் படவில்லை. அட்டப்பாடி நஞ்சியம்மாவுக்கு 2020-ல் வந்த 'அய்யப்பனும் கோஷியும்' பாட்டுக்காகத் தேசிய விருது கிடைத்தபோது எல்லோரும் கைதட்டினோம். பாட்டைக் கேட்டுவிட்டோம், கதையை இன்னும் கேட்கவில்லை. அது வரும்போது 'இது நாவல் மாதிரி இல்லையே' என்று உதட்டைப் பிதுக்காமல் இருந்தால் போதும்.

வரிசை கேட்பவர்களுக்கு: முதலில் எரியும் பனிக்காடு, அப்புறம் முகிலினி, பிறகு கொச்சரேத்தி. சோளகர் தொட்டியைக் கடைசியில் வையுங்கள், அதை முடித்த கையோடு வேறு நாவல் எடுக்க மனசு வராது. வீட்டில் பதினைந்து பதினாறு வயசுப் பிள்ளை இருந்தால், தமிழ் படிக்கத் தடுமாறினாலும் கொச்சரேத்தியை ஆங்கிலத்தில் கொடுங்கள்.