தாய்வீட்டில் கழியும் அறுபது நாள்

மதிப்பிற்குரிய கேரள சுகாதாரத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

தேவிகுளம், பீருமேடு, சித்தூர் பகுதிகளில் வாழும் தமிழ்ப் பெண்கள் பலருக்குத் தாய்வீடு எல்லைக்கு அப்பால், தேனியிலோ உடுமலையிலோ பொள்ளாச்சியிலோ இருக்கிறது. தலைப்பிரசவம் அங்கே நடக்கும். மூன்றாம் மாதம்தான் பிள்ளையோடு தோட்டத்து லயத்துக்குத் திரும்புவார்கள். கல்லீரல் நோயோடு பிறந்த குழந்தையைக் காப்பாற்றக் கிடைக்கும் அவகாசம் அதற்குள் முடிந்துவிடுகிறது.

பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் மஞ்சள் காணும். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தானே வடிந்துவிடும். "இளவெயில்ல காட்டு, சரியாப் போயிடும்" என்று பாட்டி சொல்வது அதனால்தான் பலிக்கிறது. பலிக்காத குழந்தைகளுக்காகவே இந்த மடல். பதினான்கு நாளுக்குப் பிறகும் கண் மஞ்சளாக இருந்து, மூத்திரம் துணியில் கறையாகப் படிந்து, மலம் சுண்ணாம்பாய் வெளுத்தால், பித்தம் குடலுக்கு இறங்கவில்லை என்று பொருள். எந்த வெயிலும் அதைச் சரிசெய்யாது.

அதன் முக்கியக் காரணங்களில் ஒன்று பிலியரி அட்ரீசியா என்னும் பித்தநாள அடைப்பு. ஜப்பானிய மருத்துவர் மோரியோ கசாய் 1950-களில் இதற்கு ஓர் அறுவை சிகிச்சை வகுத்தார். அறுபது நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். தவறினால் பெரும்பாலும் கல்லீரல் மாற்றுதான். 1998-ல் டெல்லியில் தந்தையின் கல்லீரல் பகுதியைப் பெற்றுப் பிழைத்த காஞ்சிபுரத்துக் குழந்தைக்கு இந்த நோய்தான். அந்தக் குழந்தை வளர்ந்து மருத்துவரானது. ஆனால் கல்லீரல் மாற்றுச் செலவைத் தோட்டத் தொழிலாளியால் நினைத்துப் பார்க்க முடியுமா?

தைவான் 2004-ல் மலத்தின் நிறங்களை அச்சிட்ட அட்டையை நாடெங்கும் குழந்தைநலக் கையேட்டில் சேர்த்தது. இந்நோயுள்ள குழந்தைகள் ஐந்தாண்டு உயிர்வாழும் விகிதம் சுமார் 56-லிருந்து 89 விழுக்காடானது. ஓர் அட்டைதான்.

பரம்பரை நோய்களும் இப்படியே மஞ்சளாக முகம் காட்டும். அவற்றில் ஒன்றான காலக்டோசீமியாவில் பாலை நிறுத்துவதே சிகிச்சை. இவற்றில் பல, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுள்ள மரபணு வந்தால் தோன்றுபவை. இருவரும் அதைச் சுமந்தால், ஒவ்வொரு பேற்றிலும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. மாமன் மகளைக் கட்டும் குடும்பங்களில் இருவரும் அதே மரபணுவைச் சுமக்கும் வாய்ப்பு கூடும். முதல் பிள்ளை காரணம் தெரியாமல் மஞ்சளில் போன வீட்டில், அடுத்த பேற்றுக்கு முன்பே பரம்பரை நோயா என்ற கேள்வியை யாராவது கேட்டாக வேண்டும். துக்கத்தில் இருக்கும் தாயைக் குற்றவாளியாக்காமல் கேட்க வேண்டும்.

கேரளத்தின் சிசு மரண விகிதம் 2023-ல் ஆயிரத்துக்கு ஐந்து. அதைச் சாதித்த துறையிடம்தான் இதைக் கேட்க முடியும். ஆஷா பணியாளர்கள் 14, 21, 28, 42-ஆம் நாள்களில் வீடு தேடி வருகிறார்கள். நிற அட்டை அவர்கள் கையில் மலையாளத்தோடு தமிழிலும் இருக்கட்டும். பதினான்கு நாள் தாண்டிய மஞ்சளுக்கு டைரக்ட் பிலிருபின் பரிசோதனை கட்டாயமாகட்டும். ஆறாம் வாரத் தடுப்பூசியின்போது மலத்தின் நிறத்தையும் கேட்கட்டும். தாய்வீட்டில் இருக்கும் குழந்தையின் விவரம் தேனி, திருப்பூர், கோவை மாவட்டச் செவிலியர்களுக்கு உடனே போய்ச் சேர, தமிழ்நாட்டு அமைச்சருக்குத் தாங்களே எழுத வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
எல்லையோரக் குடும்பங்களுக்காக